நிலைத்தன்மை அறிக்கை விதிகள் நாட்டுக்கு நாடு எப்படி மாறுகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனச் செயலர்கள், நிதிப் பிரிவினர், ஆலைகளின் சுற்றுச்சூழல் பொறுப்பாளர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். விதிகள் விரைவாக மாறும் துறை இது என்பதால், இங்கே சொல்லப்படுவதை 2025ஆம் ஆண்டு இறுதியின் நிலவரமாகக் கொள்ள வேண்டும். பழகியவர்கள் முதலிரண்டு கேள்விகளைத் தாண்டிச் செல்லலாம். மூன்றாவது பதிலை மட்டும் விட்டுவிட வேண்டாம், பின்னால் வருபவற்றில் பல அதையே சார்ந்திருக்கின்றன.

1. நிலைத்தன்மை அறிக்கை என்றால் மரம் நட்டது, பள்ளிக்கு உதவியது எல்லாம் எழுதுவதுதானே?

அது நன்கொடைக் கணக்கு. நிலைத்தன்மை அறிக்கை நிறுவனத்தின் அன்றாடத் தொழிலைப் பற்றியது. அந்தத் தொழிலால் காற்றுக்கும் நீருக்கும் மனிதருக்கும் என்ன நேர்கிறது, காலநிலை மாற்றமும் நீர்ப் பற்றாக்குறையும் அந்தத் தொழிலை எப்படிப் பாதிக்கும், இவற்றை இயக்குநர் குழுவில் யார் கண்காணிக்கிறார்கள் என்பனவற்றை அளவிடக்கூடிய தரவுகளோடு அது சொல்ல வேண்டும். உமிழ்வு, எரிசக்தி, கழிவு, பணியிட விபத்து, ஊதிய இடைவெளி, ஊழல் தடுப்பு ஆகியவை ஏறத்தாழ எல்லா விதிமுறைகளிலும் ஏதோ ஒரு வடிவில் இடம்பெறுகின்றன.

2. கணக்கியலுக்கு உலகப் பொதுத் தரம் இருக்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு விதி?

கணக்கியலிலும் முழு ஒற்றுமை வந்துவிடவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் இன்றும் தங்கள் நாட்டுக் கணக்கியல் தரத்தையே பின்பற்றுகின்றன. நிலைத்தன்மை அறிக்கையில் வேறுபாடு கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், அது ஒரே மூலத்திலிருந்து பிறக்கவில்லை என்பதுதான். 1997இல் பாஸ்டனில் தொடங்கப்பட்ட ஜிஆர்ஐ அமைப்பு, நிறுவனங்கள் உலகின் மீது ஏற்படுத்தும் தாக்கத்தை முன்னிறுத்தியது. 2015இல் நிதி நிலைத்தன்மை வாரியம் அமைத்த டிசிஎஃப்டி பணிக்குழு, காலநிலையால் நிறுவனத்தின் நிதிக்கு வரும் இடரை முன்னிறுத்தி 2017இல் தன் பரிந்துரைகளை வெளியிட்டது. இடைப்பட்ட 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் முதல் கட்டாய விதியை இயற்றிவிட்டது.

விதியை இயற்றும் கையும் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பாவில் அது நிறுவனச் சட்டத்தின் ஒரு பகுதி. இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆணை. சீனாவில் பங்குச்சந்தைகளும் நிதி அமைச்சகமும் தனித்தனியாக இயற்றியவை. முதலீட்டாளரைப் பாதுகாக்க வந்த அமைப்பு முதலீட்டாளருக்கு வேண்டியதைத்தான் முதலில் கேட்கும். நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடுகளில் பெரும்பகுதி, இந்த அறிக்கை யாருக்கு எழுதப்படுகிறது என்ற கேள்வியிலிருந்தே கிளைக்கிறது என்பது என் கருத்து.

3. ‘இரட்டை முக்கியத்தன்மை’ என்கிறார்களே, ஒற்றை எது, இரட்டை எது?

மெட்டீரியாலிட்டி என்று துறையினர் சொல்லும் முக்கியத்தன்மை, எதை அறிக்கையில் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் அளவுகோல். ஓர் ஆலை ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து பெருமளவு நிலத்தடி நீரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்குத் தண்ணீர் தட்டுப்பாடு இல்லை, கட்டணமும் சொற்பம். ஆனால் சுற்றியுள்ளவர்களின் கிணறுகளில் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்குகிறது. நிதி சார்ந்த ஒற்றை முக்கியத்தன்மையின்படி, இந்தச் செய்தி ஆலையின் வருங்கால வருமானத்தையோ கடன் செலவையோ முதலீட்டாளரின் முடிவையோ பாதிக்கக்கூடும் என்றால்தான் அறிக்கையில் வரும். உரிமம் ரத்தாகலாம், எதிர்ப்பு எழலாம் என்ற வாய்ப்பு இருந்தால் அது வரத்தான் செய்யும். அப்படி எதுவும் இல்லை என்று நிர்வாகம் நியாயமாகக் கருதினால் விடுபட்டுப் போகலாம்.

இரட்டை முக்கியத்தன்மையின்படி, சுற்றியிருப்பவர்களுக்கு ஏற்படும் பாதிப்பு கடுமையானது என்றால் அதுவே போதும். ஆலையின் லாபத்தில் ஒரு பைசா மாறாவிட்டாலும் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய விதி இந்த வழியில் செல்கிறது. ஐஎஸ்எஸ்பி எனப்படும் பன்னாட்டு நிலைத்தன்மைத் தர வாரியத்தின் தரங்கள் முதல் வழியில் செல்கின்றன. அமெரிக்காவிலும் 1976இல் உச்ச நீதிமன்றம் வகுத்த ‘நியாயமான பங்குதாரர்’ என்ற அளவுகோலே அடிப்படை.

இங்கே அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் நீக்கிவிடலாம். இரட்டை என்பதால் இரு சோதனைகளிலும் தேற வேண்டும் என்று சிலர் எண்ணி, பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடுகிறார்கள். இரண்டில் ஏதேனும் ஒன்றில் தேறினாலே அந்தப் பொருள் அறிக்கைக்குள் வந்துவிடும்.

4. எந்தப் பகுதியில் எந்த விதி நடப்பில் இருக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சிஎஸ்ஆர்டி எனப்படும் நிறுவன நிலைத்தன்மை அறிக்கைக் கட்டளையும், அதன்கீழ் வகுக்கப்பட்ட ஈஎஸ்ஆர்எஸ் எனப்படும் 12 தரங்களும் உள்ளன. இந்தியாவில் சந்தை மதிப்பின்படி முதல் 1000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் எனப்படும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை கட்டாயம். 2019இல் வெளியான பொறுப்பான வணிக நடத்தைக்கான தேசிய வழிகாட்டுதல்களின் ஒன்பது கோட்பாடுகளை ஒட்டி அதன் கேள்விகள் அமைந்துள்ளன. சீனாவில் ஷாங்காய், ஷென்ஜென், பெய்ஜிங் பங்குச்சந்தைகள் 2024இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டன. முக்கியப் பங்குக் குறியீடுகளில் இடம்பெற்ற நிறுவனங்கள் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கையை 2026 ஏப்ரல் இறுதிக்குள் தர வேண்டும். சீன விதி நிதி இடரோடு தாக்கத்தையும் கேட்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஹாங்காங், பிரேசில், துருக்கி, இலங்கை போன்றவை 2023 ஜூனில் ஐஎஸ்எஸ்பி வெளியிட்ட எஸ்1, எஸ்2 தரங்களை அடிப்படையாகக் கொண்டு தங்கள் விதிகளை அமைத்துள்ளன. எஸ்1 பொதுவான நிலைத்தன்மைத் தகவல்களுக்கானது, எஸ்2 காலநிலைக்கானது. பிரிட்டன் டிசிஎஃப்டி வழியில் தொடங்கி, இதே தரங்களைத் தழுவிய வரைவை 2025 ஜூனில் கருத்துக் கேட்புக்கு விட்டது. அமெரிக்காவின் கதை தனி; ஆறாவது பதிலில் வருகிறது.

5. ஐரோப்பிய விதியைத் தளர்த்திவிட்டார்களாமே, இனிக் கவலை இல்லையா?

சிலருக்குக் கவலை இல்லை, எல்லோருக்கும் அல்ல. 250 ஊழியர்கள், 5 கோடி யூரோ விற்றுமுதல், 2.5 கோடி யூரோ சொத்து ஆகிய மூன்றில் ஏதேனும் இரண்டைத் தாண்டிய நிறுவனங்கள் எல்லாமே மூல சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. ஏறத்தாழ 50,000 நிறுவனங்கள் அகப்படும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது. முதல் தொகுதியினர் 2024 நிதியாண்டுக்கான அறிக்கையை 2025இல் வெளியிட்டும்விட்டார்கள். பிறகு 2025 பிப்ரவரியில் ‘ஆம்னிபஸ்’ என்ற பெயரில் எளிமையாக்கும் முன்மொழிவு வந்தது. ஏப்ரலில் அடுத்த இரு தொகுதிகளுக்கான கெடு ஈராண்டு தள்ளிவைக்கப்பட்டது. டிசம்பரில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, 1000க்கு மேற்பட்ட ஊழியர்களும் 45 கோடி யூரோவுக்கு மேற்பட்ட விற்றுமுதலும் ஒருசேர உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயம் என்றாகிறது. ஒன்றியத்துக்கு வெளியே தலைமையகம் கொண்ட குழுமங்களுக்கான வரம்பும், ஒன்றியத்துக்குள் ஈட்டும் விற்றுமுதல் 15 கோடி யூரோ என்பதிலிருந்து 45 கோடிக்கு உயர்கிறது.

மாறாமல் நிற்பது எது என்பதையும் பார்க்க வேண்டும். இரட்டை முக்கியத்தன்மை அப்படியே இருக்கிறது. வரம்புக்குள் எஞ்சியிருக்கும் பெரிய நிறுவனங்கள்தான் பெரும்பாலான வெளிநாட்டு சப்ளையர்களின் வாடிக்கையாளர்கள். இன்னொன்று: கட்டளை என்பது உறுப்பு நாடுகள் தேசியச் சட்டமாக்கினால்தான் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். 2024 ஜூலை கெடுவுக்குள் ஜெர்மனி அதைச் செய்யவில்லை. எனவே ‘ஐரோப்பிய விதி’ என்று பொதுவாகக் கேட்காமல், துணை நிறுவனம் பதிவான நாட்டின் சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதே சரி.

6. அமெரிக்காவில் விதியே இல்லை என்று சொல்லிவிடலாமா?

கூட்டாட்சி அளவில் ஏறத்தாழ அப்படித்தான். பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2024 மார்ச்சில் காலநிலை விதியை நிறைவேற்றியது. வழக்குகள் குவியவே ஏப்ரலில் தானே அதை நிறுத்திவைத்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றத்தில் அதற்காக வாதாடுவதையும் கைவிட்டது. ஆனால் காலநிலை இடர் நிறுவனத்துக்கு முக்கியமானது என்றால் வழக்கமான ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும் என்ற 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கத்தான் செய்கிறது.

கலிஃபோர்னியா மாநிலம் அந்த இடத்தை நிரப்ப முன்வந்தது. அங்கே தொழில் செய்யும், ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டும் அமெரிக்க நிறுவனங்கள், பட்டியலிடப்பட்டவை ஆனாலும் ஆகாவிட்டாலும், எஸ்பி 253 சட்டத்தின்படி உமிழ்வை வெளியிட வேண்டும். ஸ்கோப் 1, ஸ்கோப் 2 ஆகியவை 2026இலும் ஸ்கோப் 3 2027இலும் தொடங்குகின்றன; இம்மூன்றும் என்ன என்பது எட்டாவது பதிலில் வருகிறது. 50 கோடி டாலரைத் தாண்டியவை காலநிலை இடர் அறிக்கை தர வேண்டும் என்ற எஸ்பி 261 சட்டத்தின் அமலாக்கத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 நவம்பரில் தற்காலிகமாக நிறுத்தியது. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் நேரடியாக இதில் அகப்படாது. அமெரிக்கச் சட்டப்படி பதிவான அதன் துணை நிறுவனம் அகப்படும். இந்த நுணுக்கம் தலைமையகங்களுக்குத் தாமதமாகத்தான் எட்டுகிறது.

7. எங்கள் நாடு ஐஎஸ்எஸ்பி தரத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. அப்படியானால் ஏற்ற நாடுகளுக்கெல்லாம் ஒரே அறிக்கை போதும்தானே?

ஐஎஸ்எஸ்பி தரம் வகுக்கும் அமைப்பு. யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியதை வெட்டியும் ஒட்டியும் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியா காலநிலைத் தரத்தை மட்டும் கட்டாயமாக்கி, பொதுத் தரத்தை விருப்பத்துக்கு விட்டது. ஜப்பானில் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி யென்னுக்கு மேற்பட்டவை 2027 மார்ச்சில் முடியும் ஆண்டிலிருந்தும், 1 லட்சம் கோடிக்கு மேற்பட்டவை அதற்கடுத்த ஆண்டிலிருந்தும் தொடங்குகின்றன. சிங்கப்பூர் 2025 ஆகஸ்டில் சிறிய நிறுவனங்களுக்கான பல கெடுக்களைத் தள்ளிப்போட்டது.

எனவே அறிக்கையின் உடல் ஒன்றாக இருக்கலாம், தொடங்கும் ஆண்டும் சலுகைகளும் ஒன்றாக இரா. ‘ஏற்றுக்கொண்டது’ என்ற செய்தியைப் படித்ததும் மூன்றைச் சரிபார்ப்பது நல்லது: எஸ்1 உண்டா, முதல் ஆண்டுச் சலுகைகள் நீட்டிக்கப்பட்டிருக்கின்றனவா, எந்த அளவு நிறுவனத்திலிருந்து பொருந்துகிறது.

8. ஸ்கோப் 3 எங்கே கட்டாயம், எங்கே இல்லை?

ஆலையின் சொந்தப் புகைபோக்கி, கொதிகலன், வண்டிகள் ஆகியவற்றின் உமிழ்வு ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம், நீராவி போன்றவற்றின் உமிழ்வு ஸ்கோப் 2. வாங்கிய மூலப்பொருள் தொடங்கி, விற்ற பொருளைப் பயன்படுத்திக் கழிப்பது வரையான மற்ற எல்லாம், 15 வகைகளாகப் பிரிக்கப்பட்ட ஸ்கோப் 3.

ஐரோப்பாவில் முக்கியமான வகைகளுக்குக் கட்டாயம். ஐஎஸ்எஸ்பி தரத்தில் முதல் ஆண்டுச் சலுகைக்குப் பின் கட்டாயம். ஆயினும் சிங்கப்பூர் இப்போதைக்கு அதைத் தன் பங்குச்சந்தையின் முக்கியக் குறியீட்டில் உள்ள நிறுவனங்களோடு நிறுத்திக்கொண்டது. இந்தியாவில் ஸ்கோப் 1, 2 கட்டாயப் பகுதியிலும், ஸ்கோப் 3 விருப்பத்துக்குரிய ‘தலைமைத்துவக் குறியீடு’களிலும் இருக்கின்றன. அமெரிக்க ஆணையத்தின் 2024 விதியில், அது நிறுத்திவைக்கப்படும் முன்பே, ஸ்கோப் 3 நீக்கப்பட்டிருந்தது.

9. ஒரே ஆலை, ஒரே புகைபோக்கி. இரண்டு அறிக்கைகளில் இரண்டு எண்கள் வந்தால் அது பொய்க்கணக்கு இல்லையா?

இல்லை, இரண்டும் சரியாக இருக்கலாம். ஆண்டுக்கு 1,00,000 டன் உமிழும் ஓர் ஆலையில் ‘அ’ நிறுவனத்துக்கு 40 விழுக்காடும் ‘ஆ’ நிறுவனத்துக்கு 60 விழுக்காடும் பங்கு. ஆனால் ஒப்பந்தப்படி ஆலையை இயக்குவது ‘அ’ என்று கொள்வோம். பங்கு விகித முறையில் ‘அ’ 40,000 டன் காட்டும். இயக்கக் கட்டுப்பாட்டு முறையில் முழு 1,00,000 டன்னும் ‘அ’வின் ஸ்கோப் 1, ‘ஆ’வுக்கு அதில் பூஜ்யம். நிதிக் கட்டுப்பாட்டு முறையில், ஆலையைத் தன் கணக்கில் ஒருங்கிணைக்கும் ‘ஆ’ முழுவதையும் சுமக்கும். பசுமை இல்ல வாயுக்களைக் கணக்கிடப் பரவலாகப் பயன்படும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் இம்மூன்றையும் அனுமதிக்கிறது. எஸ்2 அதைச் சார்ந்திருக்கிறது. எந்த முறை என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் வெளியிடுவதுதான் தவறு.

மின்சாரத்திலும் இதே கதை. ஓர் ஆலை 10,000 மெகாவாட்-மணி வாங்குகிறது, மின்தொகுப்பின் சராசரி ஒரு மெகாவாட்-மணிக்கு 0.7 டன் என்றால், இடம் சார்ந்த முறையில் ஸ்கோப் 2 அளவு 7,000 டன். முழு அளவுக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ் வாங்கியிருந்தால், சந்தை சார்ந்த முறையில் அதுவே பூஜ்யம். எஸ்2 இடம் சார்ந்த எண்ணைக் கேட்டு, ஒப்பந்தங்கள் பற்றிய விளக்கத்தையும் சேர்க்கச் சொல்கிறது. ஈஎஸ்ஆர்எஸ் இரண்டு எண்களையுமே கேட்கிறது. பூஜ்யத்தை மட்டும் பெரிய எழுத்தில் போடும் அறிக்கைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

எண்கள் வேறுபடும் மூன்றாவது இடம், மற்ற வாயுக்களைக் கார்பன் டைஆக்சைடு அளவுக்கு மாற்றும் கெழு. நூறாண்டுக் கணக்கில் மீத்தேனின் வெப்பமூட்டும் திறன், காலநிலை மாற்றம் பற்றிய ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் நான்காவது மதிப்பீட்டில் 25, ஆறாவதில் 27.9. 1,000 டன் மீத்தேன் பழைய கெழுவில் 25,000, புதியதில் 27,900 டன் சமானம். எஸ்2 புதிய மதிப்பீட்டைப் பயன்படுத்தச் சொல்கிறது; ஒரு நாட்டின் சட்டம் வேறொன்றைக் கட்டாயமாக்கினால் அதற்கு விலக்கு உண்டு.

10. பிஆர்எஸ்ஆர் அறிக்கையையே ஐரோப்பியத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பினால் போதாதா?

எண்களில் கணிசமான பகுதி பயன்படும்: எரிசக்தி, நீர், கழிவு, விபத்து விகிதம், ஊழியர் விவரம். போதாமல் போவது மூன்றாவது பதிலில் சொன்ன தீர்மானம். பிஆர்எஸ்ஆர் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான கேள்விப் படிவம். ஈஎஸ்ஆர்எஸ்ஸில் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையே நிறுவனம் தன் தாக்கத்தையும் இடரையும் மதிப்பிட்டுத் தீர்மானித்து, அந்த வழிமுறையையும் விளக்க வேண்டும். அந்த மதிப்பீட்டைப் படிவம் தராது.

இன்னொரு கண்ணி, அடர்த்தி விகிதங்கள். பிஆர்எஸ்ஆர் விற்றுமுதலுக்கான உமிழ்வு விகிதத்தை, நாடுகளுக்கிடையேயான விலை வேறுபாட்டை ஈடுசெய்யும் வாங்குதிறன் சமநிலைக்குச் சரிசெய்தும் கேட்கிறது. அந்த எண்ணை ஐரோப்பிய அட்டவணையில் அப்படியே ஒட்டினால், செயல்திறன் ஓராண்டில் பன்மடங்கு மாறிவிட்டதுபோல் தோன்றும். நிதியாண்டும் பொருந்தாது: ஏப்ரல்-மார்ச் தரவை ஜனவரி-டிசம்பர் அறிக்கைக்குள் சேர்க்க மாதவாரித் தரவு கையில் இருக்க வேண்டும்.

11. சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியது யார்? தணிக்கையாளர்தானா?

வரம்புக்குட்பட்ட உறுதியளிப்பு, நியாயமான உறுதியளிப்பு என இரு நிலைகள் உண்டு. ‘தவறு இருப்பதாக எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை’ என்பது முதல்வகை; நிதித் தணிக்கைக்கு நிகரான ஆழத்தில் பார்த்து ‘சரியாக உள்ளது’ என்று நேர்மறையாகச் சொல்வது இரண்டாவது. ஐரோப்பா முதல்வகையோடு நின்றுவிட்டது. பின்னாளில் இரண்டாவதற்கு உயர்த்தும் திட்டம் ஆம்னிபஸ்ஸில் கைவிடப்பட்டது. இந்தியாவில் பிஆர்எஸ்ஆர் கோர் எனப்படும் முக்கிய அளவீடுகளுக்கு நியாயமான உறுதியளிப்பு முதல் 150 நிறுவனங்களில் 2023-24இல் தொடங்கி, 2026-27இல் 1000 வரை விரிகிறது. பின்னர் அதற்கு மாற்றாக ‘மதிப்பீடு’ என்ற வழியையும் செபி திறந்துவிட்டது. ஐஎஸ்எஸ்பி தரங்கள் உறுதியளிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதை அந்தந்த நாடே தீர்மானிக்கும்.

12. நாங்கள் சிறிய சப்ளையர். எந்தச் சட்டமும் எங்களைத் தொடவில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் நீண்ட கேள்வித்தாள் அனுப்புகிறார். பதில் சொல்லியே ஆக வேண்டுமா?

சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் கொள்முதல் ஒப்பந்தம் கட்டாயப்படுத்தலாம். முதலில் அதைப் படிக்க வேண்டும். ஐரோப்பிய வாடிக்கையாளர் என்றால், புதிய உடன்பாடு ஒரு பிடியைத் தருகிறது: 1000 ஊழியர்கள் வரை உள்ள நிறுவனங்கள், சிறு நிறுவனங்களுக்கான விருப்பத் தரத்தைத் தாண்டிக் கேட்கப்படும் தகவல்களை மறுக்கலாம். விஎஸ்எம்இ எனப்படும் அந்த வகைத் தரத்தை ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. அதன்படி ஒரு முறை தயாரித்து, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே அனுப்புவதுதான் சிறு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். இந்தியாவில் முதல் 250 நிறுவனங்களின் மதிப்புச் சங்கிலித் தகவல், அவற்றின் கொள்முதலிலோ விற்பனையிலோ 2 விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ளவர்களைப் பற்றியது. அதுவும் விருப்பத்துக்குரியதாகவே 2025-26இல் தொடங்குகிறது.

கேள்வித்தாள் ‘சிபாம்’ பற்றியது என்றால் மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய இறக்குமதிகளின் கார்பனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லை வரி அது. 2026 ஜனவரி 1 முதல் கட்டணத்தோடு நடைமுறைக்கு வருகிறது. அங்கே கேட்கப்படுவது அனுப்பும் சரக்கின் உமிழ்வு, நிறுவனத்தின் உமிழ்வு அல்ல. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

13. இலக்கு வைத்தோம், எட்டவில்லை. கணிப்புத் தவறினால் வழக்கு வருமா?

கணிப்புத் தவறியது மட்டுமே பொதுவாகக் குற்றமாகாது. ஆதாரமின்றிக் கணித்ததுதான் சிக்கல். எஸ்2, மிகையான செலவோ முயற்சியோ இன்றிக் கிடைக்கும் நியாயமான, ஆதாரமுள்ள தகவலைக் கொண்டு எழுதச் சொல்கிறது. ஆஸ்திரேலியா தொடக்க மூன்றாண்டுகளுக்கு ஸ்கோப் 3, சூழ்நிலைப் பகுப்பாய்வு போன்ற பகுதிகள் மீது தனியார் வழக்குத் தொடுப்பதைக் கட்டுப்படுத்தியுள்ளது. கலிஃபோர்னியாவின் எஸ்பி 253இல் அபராதத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. ஐரோப்பாவில் தண்டனையை உறுப்பு நாடுகள் வகுக்கின்றன.

எங்கும் ஆபத்தானது, ஒரு நாட்டு அறிக்கையில் ஓர் இடரை முக்கியம் என்று எழுதிவிட்டு இன்னொரு நாட்டு ஆவணத்தில் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. மூன்றாவது பதிலின்படி அதற்கு நியாயமான காரணம் இருக்கலாம். அந்தக் காரணத்தை அன்றே எழுதிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.

14. மூன்று கண்டங்களில் கிளைகள் இருக்கின்றன. எங்கிருந்துதான் தொடங்குவது?

சட்டப்படி பதிவான ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியலிலிருந்து: பதிவான நாடு, ஊழியர் எண்ணிக்கை, விற்றுமுதல், பட்டியலிடப்பட்டதா, நிதியாண்டு எப்போது முடிகிறது. எந்த விதி யாரைத் தொடுகிறது என்பது இந்த ஐந்து விவரங்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அடுத்து, ஆலைவாரியாக, மாதவாரியாக ஒரே தரவேடு. டீசல் லிட்டரில், மின்சாரம் யூனிட்டில், நீர் கன மீட்டரில் என்று மூல அளவிலேயே பதிய வேண்டும். டன்னாக மாற்றிவிட்ட எண்ணை மட்டும் வைத்திருந்தால், ஒன்பதாம் பதிலில் சொன்ன கெழுவோ, பங்கு அல்லது கட்டுப்பாட்டு முறையோ மாறும்போது திரும்பக் கணக்கிட வழியிராது.

முக்கியத்தன்மை மதிப்பீட்டை ஐரோப்பிய அளவில் ஒரு முறை விரிவாகச் செய்துவிட்டு, அதிலிருந்து நிதி சார்ந்த பகுதியை ஐஎஸ்எஸ்பி வழி நாடுகளுக்குப் பிரித்தெடுப்பது எளிது. எதிர்த்திசையில் போனால் ஏறத்தாழ முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் கட்டாயம் இல்லாத குழுமத்துக்கு இந்த உழைப்பு தேவையில்லை. வெளியிடும் நாளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்: ஐஎஸ்எஸ்பி தரம் முதல் ஆண்டுச் சலுகைக்குப் பின் நிதிநிலை அறிக்கையோடு சேர்த்தே வெளியிடச் சொல்வதால், ஆலையிலிருந்து வரும் உமிழ்வுத் தரவும் நிதிப் பிரிவின் ஆண்டு முடிப்பு அட்டவணைக்குள் வந்தாக வேண்டும்.